நிக்கல்ஹார்ப்பா அழிந்துபோகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய நாட்டுப்புற இசைக்கருவிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். வில்லால் வாசிக்கும் தந்திக் கருவியான ஸ்வீடனின் நிக்கல்ஹார்ப்பாவுக்கு அதில் ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. அதிலும், 'அழிந்துபோய் மீட்கப்பட்ட கருவி' என்று எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே உள்ள உப்லாந்து வட்டாரத்தில் அதன் வாசிப்பு முற்றாக நின்றதே இல்லை. 1847இல் இறந்த பிஸ்-கால்லே என்ற கலைஞரின் மெட்டுகளை இன்றும் வாசிக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசிப்பவர்கள் குறைந்துபோனார்கள் என்பது உண்மை. ஆனாலும் கிராமங்களில் கருவியும் இருந்தது, அதைக் கையாளத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

கருவியின் அமைப்பைக் கட்டுரை சொல்லவே இல்லை. வாரால் கழுத்தில் மாட்டி, வயிற்றருகே கிடையாகப் பிடித்து, குட்டையான வில்லால் வாசிக்க வேண்டும். இடக்கை விரல்கள் தந்தியைத் தொடுவதில்லை. கீழிருந்து மரக்கட்டைகளை அழுத்துகின்றன. கட்டையில் செருகிய சிறு முளை தந்தியில் போய் முட்டும். விரலை எடுத்தால் கட்டை தன் எடையாலேயே கீழே விழுந்துவிடும். இன்றைய கருவியில் 16 தந்திகள். வில் படுவது நான்கில் மட்டும். மற்ற 12ம் நம் சாரங்கியில் போலத் தாமாக அதிர்ந்து கார்வை சேர்க்கின்றன. ஒரே ஆள் வாசிக்கும்போதும் பெரிய மண்டபத்தில் கேட்பது போன்ற நிறைவு வருவது அதனால்தான்.

பழைய வகைகளில் எல்லா அரைச்சுரங்களையும் வாசிக்க முடியாது. ஆகஸ்ட் பூலின் 1929இல் அந்தக் குறையைத் தீர்க்கும் புதிய கருவியைச் செய்தார். எரிக் சால்ஸ்ட்ரோம் (1912-1986) அதை மேலும் செம்மைப்படுத்தினார். தானே செய்தார், வாசித்தார், புது மெட்டுகளும் அமைத்தார். மரபைத் தொடாமல் வைத்திருந்தால்தான் அது பிழைக்கும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாற்றத் துணிந்தவர்களால்தான் இந்தக் கருவி பிழைத்தது. அதன்பின் பழைய வகைகளுக்கும் ஆர்வலர்கள் கிடைத்தார்கள்.

இன்னொன்றும் விடுபட்டுவிட்டது. 1970களில் ஸ்வீடனில் கருவி செய்யும் வகுப்புகள் பெருகின. தச்சுத் தொழில் தெரியாதவர்கள்கூடத் தங்கள் கருவியைத் தாங்களே செய்து, அதிலேயே கற்றுக்கொண்டார்கள். மறுமலர்ச்சிக்கு இதையே நான் முதல் காரணமாகச் சொல்வேன். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியால் இதைச் செய்திருக்க முடியாது. செய்முறையையும் வாசிப்பையும் சேர்த்துப் பரப்பும் இந்தக் கலைஞர்களின் வலையமைப்பை, நல்ல பாதுகாப்பு நடைமுறைகளுக்கான தன் பதிவேட்டில் யுனெஸ்கோ 2023இல் சேர்த்தது.

உப்லாந்தின் தூபோ ஊரில் 1998 முதல் சால்ஸ்ட்ரோம் பெயரில் ஒரு பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. அங்கே கருவி செய்யக் கற்பவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். ஒரு பத்தி போதாது.

அன்புடன்,
வாசகர், திருச்சி