தாய்க்குருவியாம், கூடு கட்டுதாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல தூக்கணாங்குருவிக்குன்னு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குனீங்க, சந்தோசம். ஆனா "தாய்க்குருவி தன் குஞ்சுகளுக்காகப் பாடுபட்டுப் பின்னும் கூடு"ன்னு ஒரு வரி வந்துச்சே, அதப் படிச்சதுக்கப்புறம் எனக்கு காப்பி எறங்கல. கூடு கட்றது ஆண் குருவிங்க. இது உங்களுக்குத் தெரியாம இருக்காது, எழுதுனவரு ஏசி ரூம்ல இருந்து எழுதிட்டாரு போல.

பாரூர் ஏரிப் பக்கம்தான் எங்க கொல்லை. கெணத்துக்குள்ள சாஞ்சு நிக்கிற ஈச்ச மரத்துக்கு வருசா வருசம் மழ தொடங்குனா கூட்டமா வந்துரும். அந்த சீசன்ல மட்டும்தான் ஆணுக்கு உச்சந்தலையில மஞ்சள் அப்புன மாதிரி இருக்கும், மத்த நாள்ல ரெண்டும் சிட்டுக்குருவி சாயல்தான். நெல்லுத் தாள அலகால நார் நாராக் கிழிச்சாந்து முடிச்சு போட்டு, ஹெல்மெட்ட கவுத்த மாதிரி பாதிக் கூடு வந்ததும் அதுல தொங்கிக்கிட்டு றெக்கைய அடிச்சு ஒரே சத்தம், அப்ப பெட்டை வந்து உள்ள பூந்து பாக்கும், புடிச்சாத்தான் மீதி வேலை, கீழ தொங்குற குழாய் வாசல் எல்லாம். அது அடைக்கு உக்காந்ததும் அய்யா பக்கத்துக் கிளையில அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ருவாரு. தாய்ப்பாசத்த நீங்க அந்தப் பெட்டை அடை காக்குற எடத்துலல்ல எழுதியிருக்கணும்! பெட்டை வேண்டாம்னு போன பாதிக்கூடு அப்டியே தொங்கும், அதத்தான் போட்டோ எடுத்து "காற்றில் சிதைந்த கூடு"ன்னு போட்டிருக்கீங்க.

கூட்டுக்குள்ள மின்மினிய ஒட்டி விளக்கு வெக்கிதுன்னு வேற எழுதியிருக்கீங்க. விழுந்த கூட்ட எத்தனையோ பிரிச்சுப் பாத்தாச்சு, உள்ள களிமண்ணு அப்பியிருக்கும், மின்மினி ஒண்ணக் கூட நான் பாத்ததில்ல.

சரி, குருவி போகட்டும். "தர்மபுரி மாவட்டம் பாரூர்"னு போட்டிருக்கீங்களே, 2004 பிப்ரவரியிலயே கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிடுச்சுங்க. இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ எழுதுனேன், ஒண்ணு வரவேயில்ல, இன்னொண்ண நாலு வரியா வெட்டி என் ஊர் பேரையும் தப்பாப் போட்டீங்க. எங்க ஊர் சின்ன ஏரியில கரையோட ஈச்ச மரம், உள்ள இருந்த சம்புக் கோரை எல்லாத்தையும் ஜேசிபி விட்டு வழிச்செடுத்தப்ப "புதுப்பொலிவு பெற்ற ஏரி"ன்னு கலர்ல போட்டதும் நீங்கதான். அந்தக் கரையில இப்ப ஒரு கூடு இல்ல.

பெருசா ஒண்ணும் கேக்கல. கூடு கட்டுறது ஆண்தான்னு ரெண்டாம் பக்கத்துல ஒரு வரி திருத்தம். வரி விளம்பரத்துக்கு நடுவுல போட்டாலும் சரிங்க.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பாரூர், *கிருஷ்ணகிரி* மாவட்டம்