இருசக்கர வாகனப் பழுதுநீக்குவோர் நலச்சங்கம்: 2024-25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கத்தின் செயல்பாடுகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இவ்வாண்டில் செயற்குழு 9 முறை கூடியது. மே தினக் கொடியேற்றமும் ஆயுத பூஜையும் வழக்கம்போல் நடைபெற்றன. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய ஆவணங்கள், சற்றுத் தாமதமாயினும், அனுப்பப்பட்டுவிட்டன.

முன்ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் இரு கால்கள்), பின் ஷாக் அப்சார்பர் வேலைகளுக்காக நடத்தப்பட்ட பயிற்சியைப் பற்றியும், அதற்கென வாங்கப்பட்ட நுண்ணிய வளைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்று, பைப்பைக் கிடத்திச் சுழற்றுவதற்கான V வடிவப் பள்ளமுள்ள வீ பிளாக் ஒரு ஜோடி ஆகியவற்றைப் பற்றியும் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. டீக்கடையில் "வீண்செலவு" என்று அதைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு இந்த மன்றத்தில் பேசப்படவில்லை என்பதே அதற்குக் காரணம்.

பால்காரர் ஒருவரின் வண்டி இம்முயற்சிக்குத் தொடக்கமாக அமைந்தது. இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டு நாள்தோறும் ஓடும் அவ்வண்டிக்கு நான்கு மாதங்களில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு கடைகளில், வலப்பக்க ஃபோர்க்கின் எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் மாற்றப்பட்டிருந்தது. முதல் முறை மாற்றியவன் நானே என்பதை மறைக்க விரும்பவில்லை. நான்காம் முறை ஒழுகி, எண்ணெய் வழிந்து டிஸ்க் பிரேக்கின் பேடு வரை நனைந்த பிறகுதான் சங்க அறையில் அதைக் கழற்றினோம். ஃபோர்க்கின் உள்ளே சென்று வரும் பைப்பை மண்ணெண்ணெயில் கழுவி, மேலிருந்து கீழாக விரல் நகத்தை மெதுவாக இழுத்தபோது, சீல் ஏறி இறங்கும் இடத்தில் கடுகளவு ஒரு பள்ளம் நகத்தில் தட்டியது. குரோம் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த இடம் அது. ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் வண்டி இறங்கி எழும்போதெல்லாம் அப்பள்ளத்தின் விளிம்பு புது சீலின் உதட்டை அரம்போல் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாம் மூன்று கடைக்காரர்களும் சீலின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அத்துடன் அப்பைப் வளைந்தும் இருந்தது. கண்ணுக்கு அது தெரியவில்லை. வீ பிளாக்குகளின் மேல் கிடத்தி, நடுவில் டயல் கேஜின் முனையை வைத்துச் சுழற்றியபோது முள் 0.56 மி.மீ. ஆடியது. முள் ஆடும் அளவில் பாதியே உண்மையான வளைவு என்பதை அன்று வெகுநேரம் விளக்க வேண்டியிருந்தது. பாதி என்றாலும் 0.28 மி.மீ.; பல கம்பெனி சர்வீஸ் புத்தகங்கள் அனுமதிக்கும் எல்லையோ 0.2 மி.மீ. பைப் மாற்றப்பட்டது, ஒழுகலும் நின்றது. இதற்குப் பிறகும் "கண் பார்த்துச் சொல்லாததையா கருவி சொல்லிவிடும்?" என்று கேட்ட மூத்த உறுப்பினருக்கு இவ்வறிக்கையையே பதிலாகச் சமர்ப்பிக்கிறேன்.

பயிற்சியில் வலியுறுத்தப்பட்ட மற்றவற்றையும், வராதவர்களின் நலன் கருதி, குறிப்பிடுகிறேன். ஹேண்டில் ஆடுகிறது என்று வரும் வண்டியில் ஃபோர்க்கில் கை வைக்குமுன், சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும்; நேராக வரும் இடத்தில் தடக்கென்று நின்றால் தேய்ந்தது ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன் செட். பின்பக்கம் அலைகிறது என்றால், சக்கரத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷிலோ சக்கர பேரிங்கிலோ இருக்கையில் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டு வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவது நம் தொழிலுக்கு அழகன்று. ஃபோர்க் மெத்தென்று இருக்கிறது என்பதற்காக இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கமும் நம்மில் சிலரிடம் உண்டு. கெட்டியான எண்ணெய் ஃபோர்க்கினுள் உள்ள சிறு துளைகளின் வழியே விரைந்து ஓடாது. அமுங்கிய ஸ்பிரிங் எழுமுன் அடுத்த பள்ளம் வந்துவிடும், உள்ளழுத்தம் ஏறிச் சீலும் விரைவில் போகும். ஃபோர்க் ஆயிலையே, இரு கால்களுக்கும் ஒரே அளவாக ஊற்றி, பத்து முறை அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பின் மட்டம் பார்க்க வேண்டும். கேஸ் ஷாக் அப்சார்பரின் டப்பாவில் நைட்ரஜன் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருப்பதால் அதை அறுப்பதோ வெல்டு வைப்பதோ கூடவே கூடாது. நம் உறுப்பினர் ஒருவர் அப்படி முயன்று, முகத்தில் படாமல் தப்பியது அவர் நல்ல நேரம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த இப்பயிற்சிக்கு முதல் வாரம் 23 பேரும், இரண்டாம் வாரம் 14 பேரும், மூன்றாம் வாரம் என்னையும் சேர்த்து 9 பேரும் வந்திருந்தனர். மூன்றாம் வாரத்தில்தான் சீல் ஏற்றும் முறை செய்து காட்டப்பட்டது. பைப்பின் மேல்முனையை மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடி, சீலின் உதட்டில் ஃபோர்க் ஆயில் தடவி இறக்கிவிட்டு, அதே சுற்றளவுள்ள பிவிசி குழாய்த் துண்டால் சமமாகத் தட்டி உட்கார வைத்தோம். ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிச் சுற்றி அடிப்பவர்கள் எவரும் அன்று வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கருவிகள் வாங்கிய வகையில் சற்றுக் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. கையிருப்பு சிறிதே ஆயினும் கடன் இல்லை. 58 உறுப்பினர்களில் ஆண்டுச் சந்தாவை முழுமையாகச் செலுத்தியவர்கள் 31 பேர். கருவி வீண்செலவு என்று கூறியவர்களில் பெரும்பாலோர் எஞ்சிய 27 பேரில் இருப்பது தற்செயலாக இருக்கலாம். பெயர்களை வாசிக்க வேண்டாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் மேசையில் இருக்கிறது.

பயிற்சிக்குப் பழைய ஃபோர்க்குகளைக் கொடுத்துதவிய உதிரிபாகக் கடையினருக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற துணைத்தலைவருக்கும், அறை வாடகையை உயர்த்தாத கட்டட உரிமையாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் கருவி ஒன்றை வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதை நிறைவேற்றுவது யார் என்பதை இப்பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். புதியவர் ஒருவர் முன்வந்தால் அறைச் சாவியையும் ரசீதுப் புத்தகத்தையும் இன்றே ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். எவரும் முன்வராத நிலையில், நிலுவைச் சந்தா வந்து சேருமாயின், தொடங்கிய வேலையைப் பாதியில் விடும் வழக்கம் எனக்கில்லை.

பிப்ரவரி மாதம் ஓர் உறுப்பினர் எடுத்துச் சென்ற வீ பிளாக் இன்னும் திரும்பி வரவில்லை. ஜோடியில் ஒன்றை வைத்துக்கொண்டு அவராலும் எதையும் அளக்க முடியாது, சங்கத்தாலும் முடியாது. இரவில் அறை வாசலில் வைத்துவிட்டுச் சென்றாலும் போதும். எவரும் எதுவும் கேட்கமாட்டோம்.

இவண்,
செயலாளர்