ஆச்சியின் பற்று நோட்டு

கோவில்பட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆச்சிக்குப் பதினாறாம் நாள் காரியம் நேற்று நல்லபடியாக முடிந்தது. லீவு கிடைக்கவில்லையே என்று நினைத்து மருகாதே. போன தையில் வந்து பத்து நாள் அவள் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தாயே, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உனக்கு விவரம் தெரிந்தபோது ஆச்சி கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முந்தின கதையை உன்னிடம் நான் சரியாகச் சொன்னதில்லை. தாத்தா போனபோது எனக்கு ஒன்பது வயது, சித்தப்பாவுக்கு ஆறு. காதில் கிடந்த கம்மலை விற்று இரண்டு பெஞ்சும் ஓர் இட்லிக் கொப்பரையும் வாங்கினாள். மில் சங்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸும்தான் எங்கள் கடிகாரம். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும், தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போகும் பெண்களின் தூக்குவாளிக்கும் விடியுமுன்னே இட்லி தயாராக இருக்க வேண்டும். இரண்டு மணிக்கே அடுப்பு எரியும்.

நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து. அதுவும் நம் கரிசல் காட்டுத் தொலி உளுந்துதான் வேண்டும் அவளுக்கு. ஆனால் தொலி போகக் கழுவத் தண்ணீர் நிறைய வேண்டுமே! அப்போது நம் ஊர்க் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தால் பெரிது. நானும் சித்தப்பாவும் நடுச்சாமத்தில் குடத்தோடு வரிசையில் நிற்போம். உளுந்து கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்டவிடமாட்டாள், பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும்.

ஓர் ஈடு வெந்ததும் தட்டைத் துணியோடு கவிழ்த்து, மேலே ஒரு கை பச்சைத் தண்ணீர் தெளித்து ஓரத்திலிருந்து உரிப்பாள். ஒன்றுகூடப் பிய்யாது. அந்தச் சூட்டிலேயே வெந்து வெந்து விரல் ரேகை அழிந்துபோயிற்று. ஆதார் எடுக்கப் போனபோது மிஷினில் கைரேகை விழாமல் மூன்று நடை அலைந்தோம்.

1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். இறந்த அன்று ஊரில் ஒரு கடை இல்லை. முந்தின நாள் ஆட்டிய மாவு பானை நிறைய இருந்தது. முன்கதவைச் சாத்திவிட்டு, அழுதுகொண்டே ஈடு ஈடாக அவித்து, பசியோடு வந்தவர்களுக்கெல்லாம் கொல்லை வழியாகக் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் கடன் எழுதும் பற்று நோட்டைத் தொடவில்லை.

அந்தப் பற்று நோட்டுகள் ஏழும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அட்டையில் 'திருநெல்வேலி ஜில்லா' என்றே எழுதியிருக்கிறாள். 1986ல் மாவட்டம் பிரிந்து நாம் தூத்துக்குடியோடு போனதை அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மில்லில் வேலைநிறுத்தம் வந்து மாதக்கணக்கில் கூலி இல்லாமல் போனபோது, அந்த ஆட்களுக்கெல்லாம் பற்றில்தான் சாப்பாடு. இல்லாதவர்களிடம் என்னம்மா கணக்கு என்று நான் கோபப்பட்டேன். அதற்கு அவள் சொன்னது: "சும்மா கொடுத்தா ரெண்டாம் நாள் வரமாட்டான், வெக்கப்பட்டுப் பட்டினி கிடப்பான். பற்று எழுதுனா உரிமையா உக்காந்து இன்னும் ரெண்டு வைன்னு கேப்பான்."

நேற்று பந்தி முடிகிற நேரத்தில், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய அப்பா அந்த மில்லில் இருந்தவராம். சாகும்போது, கோவில்பட்டி இட்லிக்கடையில் முப்பத்தேழு ரூபாய் பாக்கி என்று சொல்லிவிட்டுப் போனாராம். சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் நோட்டைத் தேடி எடுத்தேன். பக்கம் இருந்தது, தொகையும் சரியாக இருந்தது. வாங்கி வரவு வைத்து, ஆச்சி போடுகிற மாதிரியே குறுக்கே கோடு போட்டேன். அந்த அம்மா கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இலையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்.

டப்ளின் குளிரில் மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்றாயே. உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடு, வெந்தயம் ஒரு ஸ்பூன், கரண்டி வேண்டாம், கையாலேயே கரை. மார்கழியில் ஆச்சி பானைக்குச் சாக்கைச் சுற்றி அடுப்படியில் வைப்பாள். நீ கம்பளியைச் சுற்றி ஹீட்டர் பக்கம் வை. பொங்கினதும் எனக்குப் போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அப்பா