தேரோடும் வீதியில் ஆள் நடக்கவும் இடம் வேண்டும்

2028 மகாமகத்தை முன்னிட்டுக் கும்பகோணத்தின் தெருக்களைச் சீரமைக்கத் திட்டமிடும் பொறியாளர்களுக்கும், அலுவலர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2016 பிப்ரவரி 22-ஆம் நாள் மகாமகம் நடந்தது. அடுத்தது 2028 மாசியில். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே இந்த ஊரின் சாலைகளுக்கும் வடிகால்களுக்கும் தாராளமாகப் பணம் வருகிறது என்பது இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். வரும் பணம் பத்து நாள் கூட்டத்தைச் சமாளிப்பதோடு தீர்ந்துவிடாமல், கூட்டம் கலைந்த பிறகு அடுத்த மகாமகம் வரை இதே தெருக்களில் நடக்கப்போகிறவர்களையும் கணக்கில் வைத்துச் செலவிடப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற தெருவில், சாக்கடை மூடியிருக்கிறது என்று நம்பிக் கால் வைத்தேன். அங்கே பலகைக்கல் இல்லை. ஆறு வாரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். அது எந்தத் தெரு, யார் பொறுப்பு என்பதெல்லாம் இம்மடலுக்குத் தேவையில்லை. கட்டுப் பிரித்தபின் கைத்தடியோடு மெதுவாக நடக்க வேண்டியதாயிற்று. அறுபது வருடம் நடந்த தெருக்களை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும்.

பெரிய கடைத்தெருப் பக்கம் மாலை ஆறு மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நடைமேடை என்று ஒன்று தொடங்கும். பத்தடி போனதும் ஒரு மின்மாற்றி நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கி மறுபடி ஏறினால், கடைக்காரர் தம் ஸ்கூட்டரை ஏற்றுவதற்குப் போட்ட சிமெண்ட் சரிவு, அதை ஒட்டி வரிசையாக இருசக்கர வாகனங்கள், அதற்கப்பால் அடுக்கிவைத்த பித்தளை அண்டாக்கள். நடைமேடையின் உயரமும் ஓரிடத்தில் அரையடி, அடுத்த இடத்தில் ஒன்றேகால் அடி. முழங்கால் வலியுள்ள ஒருவர் அப்படி ஏறி இறங்குவதைவிடப் பேருந்தை ஒட்டிச் சாலையிலேயே நடப்பதுதான் எளிது என்று முடிவு செய்கிறார். அந்த முடிவை அவருடைய கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறோம். நடைமேடையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது, தடையின்றி நடக்கக்கூடிய அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் ‘இந்தியச் சாலைக் காங்கிரஸ்’ என்ற பொறியாளர் அமைப்பின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. பொறியாளர்களாகிய உங்களுக்கு இது தெரியாததன்று. 1.8 மீட்டர் என்றால் ஆறடிக்குச் சற்றுக் குறைவு: கைத்தடியோடு ஒருவர் போகும்போது எதிரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தால், இருவரும் ஒதுங்காமல் கடக்கும் அகலம்.

இந்த ஊரின் தெருக்கள் எல்லாவற்றிலும் அந்த அகலம் கிடைக்காது என்ற மறுப்பை நான் எதிர்பார்க்கிறேன், அது நியாயமானதே. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே, கோயில்களைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த ஊர் இது. தேர் திரும்ப வேண்டும் என்பதற்காக அகலமாக விடப்பட்ட சன்னதி வீதிகளும் மாடவீதிகளும் ஒருபுறம், மாட்டுவண்டி ஒன்று போனாலே திண்ணையில் ஏறி நிற்க வேண்டிய சந்துகள் மறுபுறம். ஐந்து மீட்டர் சந்தில் இருபுறமும் 1.8 மீட்டர் மேடை கட்டினால் நடுவில் மிஞ்சுவது 1.4 மீட்டர். அங்கே மேடையே வேண்டாம் என்பது என் கருத்து. அத்தகைய தெருக்களில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாகனம் ஆள் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில்தான் போக முடியும் என்ற நிலையைத் தெருவின் அமைப்பே உண்டாக்க வேண்டும். பலகை வைத்தால் வேகம் குறைவதில்லை.

சாரங்கபாணி சுவாமி தேர் ஓடும்போது வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் சிறுவயதிலிருந்து பார்ப்பது சக்கரத்துக்கு அருகில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கும் ஆட்களை. தேரைத் திருப்புவதும், வேகம் கூடும்போது பிடித்து நிறுத்துவதும் அவர்கள்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் தடை பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் வேலையை விட்டுவிடவில்லை. ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்பதை வசைச்சொல்லாக்கிவிட்டோம். இழுக்கும் கூட்டத்துக்கு நடுவே ஒருவரும் நசுங்காமல் தேர் நிலைக்கு வந்து சேர்வது அந்தக் கட்டைகளால்தான். வாகனத்தின் வேகம் இரண்டு மடங்கானால், தடையை அழுத்திய பின் அது நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் நான்கு மடங்காகிறது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் வாகனங்களோடு கலந்து போகும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று அறிவித்ததற்கும் அடிப்படை இதுவே. நம் கோயில் வீதிகளுக்கு 30-கூட அதிகம், 20 போதும். தெருமுனைகளில் நடைமேடையின் உயரத்துக்கே சாலையை உயர்த்தி, அதன்மேல் ஜீப்ரா கோடு போட்டால், ஆள் இறங்கி ஏறவேண்டியதில்லை. வாகனம்தான் ஏறி இறங்கும்.

உயர்த்துவதைப் பற்றிப் பேசும்போது, உயர்த்தக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரின்மேலேயே புதிய தாரைக் கொட்டியதால், நம் பழைய வீடுகளின் திண்ணைகள் பல இன்று சாலைமட்டத்துக்குக் கீழே போய்விட்டன. மழைநீர் சாக்கடைக்குப் போகாமல் வீட்டுக்குள் வருகிறது. தெருவில் நிற்கும் தண்ணீருக்கடியில் குழி எது, மூடி எது என்று தெரிவதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். மகாமகத்துக்கு முந்தைய மாதங்களில் அவசர அவசரமாகச் சாலை போடுவார்கள் என்பதால், அந்த உத்தரவு ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக எழுதப்பட வேண்டும் என்று வேண்டுகிறேன்.

தெருவைச் சீரமைப்பது என்றால் முதலில் தரைக்கடைக்காரர்களை விரட்டுவது என்று ஆகிவிடக்கூடாது. பூவும் வெற்றிலையும் கீரையும் விற்கும் அந்தப் பெண்கள் இருப்பதால்தான் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பெண் தனியாக அந்த வீதியில் நடக்க முடிகிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், தெருவோரக் கடைகளைப் பற்றி முடிவெடுப்பதில் பங்குபெறும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை அவர்களுக்கு இடம் ஒதுக்கலாம் என்றும் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி அன்றைய நகராட்சி எல்லைக்குள் 1.40 லட்சம் பேர். அப்படியானால் ஏறத்தாழ 3,500 வியாபாரிகள். அவர்களுக்கான இடத்தை வரைபடத்தில் முதலிலேயே குறித்துவிட்டால், நடைபாதையை யாரும் ஆக்கிரமிக்கவேண்டிய தேவை இருக்காது. உண்மையில் அதிக இடத்தை அடைப்பது கூடைக்காரப் பெண்ணல்ல, நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் கார்.

சாலையைக் கடப்பதற்குத் தரும் நேரத்தையும் பார்க்க வேண்டும். நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக் கணக்கிடுவது பொறியாளர் வழக்கம். 12 மீட்டர் சாலையை அந்த வேகத்தில் பத்து வினாடியில் கடந்துவிடலாம். வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு 15 வினாடி வேண்டும். அந்த ஐந்து வினாடிக்காகத்தான், “தம்பி, கொஞ்சம் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் விட்டுடேன்” என்று தலைநரைத்த என்னையே தம்பியாக்கி ஒருவர் அழைக்கிறார். வெள்ளி, சனி, ஞாயிறுகளில் நவக்கிரகத் தலங்களைச் சுற்றி வரும் வேன்களும் சேர்ந்துகொள்ளும்போது கேட்கவே வேண்டாம்.

தலைக்கவசச் சோதனை, கண்காணிப்பு கேமரா, ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் ஆகியவை நடக்கின்றன, நடக்கட்டும். விழிப்புணர்வுப் பேரணியில் பதாகையோடு போகும் பிள்ளைகளும் நடைபாதை இல்லாத சாலையின் நடுவில்தான் போகிறார்கள் என்பதை மட்டும் ஒரு பழைய ஆசிரியனாகக் குறித்துவைக்கிறேன். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதன் பயனை அறிந்தவர்கள் அதைக் குறைத்துப் பேசமாட்டார்கள். ஆனால் அது அடிபட்ட பிறகு வருவது.

சட்டமும் இப்போது நடப்பவர் பக்கம் திரும்பியிருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவோ, பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றாமல் சாலையை வடிவமைத்தோ கட்டியோ அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தெருவில் விழுந்தவன் தன் விதியை மட்டும் நொந்துகொள்ளவேண்டிய காலம் போய்விட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

“கார் போகாத வீதி இந்த ஊரில் நடக்குமா?” என்று கேட்பவர்களுக்கு 2016-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து, நகரின் நடுப்பகுதியில் வாகனங்களைக் கட்டுப்படுத்தி, மக்களை நடக்கவிட்டீர்கள். கடைகளில் வியாபாரம் படுத்துவிடவில்லை. பத்து நாளுக்கு முடிந்தது, மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள நான்கு கரைகளிலும் கும்பேசுவரர் சன்னதியிலும் ஒவ்வொரு மாலையிலும் முடியாதா? சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் திறந்தபோதும் இதே கேள்வி எழுந்தது.

1992 மகாமகத்தில் குளக்கரை நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். நெரிசலில் ஆள் சாவது கூட்டம் பெரிதாக இருப்பதால் மட்டுமன்று. வெளியேறும் வழி ஓரிடத்தில் குறுகி அடைபடுவதாலும்தான். அந்த நாளில் லட்சக்கணக்கானவர்கள் வெளியேறும் வழியும், மற்ற நாள்களில் நாங்கள் கீரை வாங்கப் போகும் வழியும் ஒன்றே. இன்று மின்மாற்றியும் ஸ்கூட்டரும் சரிவுமேடையும் அடைத்திருக்கும் அதே தெருவோரம்தான் அன்றைக்கு உயிர்காக்கும் இடைவெளி. தடுப்புக் கட்டைகளை வாடகைக்கு எடுப்பதற்கு முன் அந்த ஓரத்தை நிரந்தரமாக விடுவித்தால், இரண்டு வேலையும் ஒரே செலவில் முடியும்.

இந்த ஊர் மாநகராட்சியான பின் முதல் மேயராக வந்தவர் ஆட்டோ ஓட்டியவர். தெருவை ஓட்டுநர் இருக்கையிலிருந்து நன்கறிந்த ஒருவர் தலைமையேற்ற மன்றம், நடப்பவரின் கால்மட்டத்திலிருந்தும் அதைப் பார்க்கும் என்ற நம்பிக்கையில் ஒரே ஒரு நடைமுறையைக் கேட்கிறேன். சீரமைக்கப்போகும் ஒவ்வொரு தெருவின் குறுக்குவெட்டு வரைபடமும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், அந்தந்த வார்டின் மக்கள் கூடும் பகுதி சபையில் வைக்கப்பட வேண்டும். நடப்பதற்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, வண்டி நிறுத்த எவ்வளவு, வண்டி ஓட எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மீட்டரோடு அடிக்கணக்கிலும் எழுதுங்கள், எங்கள் தெருக்காரர்கள் இன்றும் அடியில்தான் அளக்கிறார்கள். அன்றைக்கு அளவுநாடாவோடு நானும் வருவேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்தில் நாள்தோறும் நடந்து போகும் ஒருவன்