செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது மலையேற்றக் கழகத்தின் மாதாந்திர நடைகள் தடையின்றி நடந்தன. ஞாயிறுதோறும் விடியலில் பத்து கிலோ சுமையுடன் மருதமலைப் படி ஏறினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். லடாக் பயணத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லடாக்கின் ஸ்டோக் காங்ரி சிகரத்தில் ஏறுவதற்கு 2020இல் தடை வந்தது. அடிவாரக் கிராமத்துக்குக் குடிநீர் அந்த மலையிலிருந்துதான் வருகிறது; ஏறப்போன கூட்டம் அதை அசுத்தமாக்கிவிட்டது. அதனால் மார்க்கா பள்ளத்தாக்கு வழியாகக் காங் யாட்ஸே இரண்டாம் சிகரத்துக்குப் போனோம். உயரம் சுமார் 6,250 மீட்டர். ஆகஸ்டில் ஒன்பது பேர் கிளம்பினோம். ஐந்து பேர் உச்சியைத் தொட்டார்கள்.

மற்ற நால்வருக்கும் கால் வலுவில் குறையில்லை. நமது வெள்ளியங்கிரி ஏழாவது மலை 2,000 மீட்டரைத் தொடாது. லடாக்கின் லே நகரமே 3,500 மீட்டர். அந்தச் சிகரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. எத்தனை படி ஏறினாலும் உடம்பு அதற்குப் பழகாது. அங்கே போய் நாள் கொடுக்க வேண்டும். ஏற்பாட்டாளர் தந்த திட்டத்தில் லேயில் ஒரே நாள்தான் ஓய்வு. விடுப்பு மிச்சமாகுமே என்று ஒப்புக்கொண்டோம். கையெழுத்துப் போட்டவன் நான். அது என் தவறு.

5,100 மீட்டரில் அடிவார முகாம். அங்கே உறுப்பினர் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினோம்; 66 சதவீதம்தான் காட்டியது. "ஒரு ராத்திரி தூங்குனா சரியாயிருமுங்ணா" என்றார். லடாக்கி வழிகாட்டி அதற்கு இடமே கொடுக்கவில்லை. குதிரையில் ஏற்றி, சுமார் ஆயிரம் மீட்டர் கீழே ஹங்கர் கிராமத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்று மாலையே அந்த உறுப்பினர் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மற்றவர்கள் நள்ளிரவில், பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் கிராம்பான் என்ற இரும்பு முள்தகடு கட்டிக் கிளம்பினோம். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வைத்தோம். உறைந்தாலும் மூடிப் பக்கம் தண்ணீராகவே இருக்கும். பனிச்சரிவில் மூவர், தலை சுற்றுகிறது என்று மறைக்காமல் சொல்லித் திரும்பினார்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது அப்படிச் சொல்ல எவ்வளவு மனவலு வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இனி எந்தப் பயணத்திலும் லேயில் குறைந்தது இரண்டு முழு நாள் ஓய்வு. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். இன்றைய பாராட்டுக்கு ஒன்பது பேரையும் சேர்த்தே மேடைக்கு அழைக்கிறேன்.

நன்றி.
செயலாளர்