தட்டையடிப் போட் வாங்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் அம்மா பறித்துவிடுவா, மிச்சம் சாப்பாட்டுக் கதையாகப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். ஃபிளை ஃபிஷிங்குக்கு வாங்க என்று நீ கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பின மூன்று போட்டின் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவதில்தான் உனக்கு ஆசை என்று விளங்குகிறது. மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு படம், அதற்கு மட்டும் எல்லாப் பக்கத்தாலும் எடுத்து அனுப்பியிருக்கிறாய்.

வடிவான போட்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். முன்பக்கமான அணியமும் பின்பக்கமும் மேலே எழும்பி, நடுவில் தாழ்ந்து, செய்தவன் கை தெரிந்தவன். ஆனால் அது அமெரிக்காவின் ஒறிகன் பக்கத்து ஆறுகளுக்கென்று பிறந்த சாமான். மெக்கன்சி என்ற ஆற்றின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். கல்லும் சுழியுமாகப் பாய்கிற தண்ணீரோடு இறங்கிப் போகிறபோது, அடி நீளவாக்கில் வளைந்திருப்பதால், துடுப்பை ஒரு இழுப்பு இழுத்தால் அந்த இடத்திலேயே திரும்பும். ஓட்டமில்லாத ஏரியில் அந்தக் குணமே தொல்லை. நேரே போகாமல் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். உயர்ந்த பக்கத்தைக் காற்றுப் பிடித்தால் நீ மீன் பிடிக்கிறதை விட்டுவிட்டுப் போட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேணும்.

நீ எங்கே போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. ஃபேர்கஸ் பக்கம் கிராண்ட் ஆற்றில் இறங்கி நின்றே வீசுகிறேன் என்றாய். அப்படியென்றால் அதற்குப் போட்டே வேண்டாம். போட் வேண்டியது ஸ்கூகொக் ஏரிக்கு. அந்த ஏரியைப் பற்றித் தேடி வாசித்தேன். 1830களில் லின்ட்ஸேயில் அணை கட்டித் தண்ணீர் பரவின இடம், சராசரி ஆழம் ஒன்றரை மீற்றரும் இல்லை, அடியெல்லாம் பாசி. எங்கட யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலும் மண்டைதீவுப் பக்கமும் கண்ணுக்கு வந்தது. சாதாளைப் பாசிக்கு மேலாலே, எஞ்சினைத் தூக்கிவிட்டு, கோல் ஊன்றிப் போகிற தண்ணீர். அதற்குத் தட்டையடிதான் சரி, அதில் உனக்கும் எனக்கும் வழக்கில்லை. யூரியூப்பில் புளோரிடாக்காரர் எஞ்சினுக்கு மேலே ஒரு தட்டு அடித்து, அதில் ஏறி நின்று கோல் ஊன்றுவதைப் பார்த்துச் சிரித்தேன். குருநகர்க் கிழவர்கள் தட்டே இல்லாமல் செய்கிற வேலை.

ஆனால் தட்டையடியின் குணத்தை வடிவாக விளங்கிக்கொள். ஏறி நின்றவுடன் அது ஆடாது. வளைந்த அடியுள்ள வள்ளம் கால் வைத்ததுமே ஆடிப் பயம் காட்டும், பிறகு ஒரு சாய்வில் பிடித்துக்கொண்டு நிற்கும். தட்டையடி அப்படியில்லை. நல்ல பிள்ளையாக நின்று நின்று, எல்லை தாண்டினால் சொல்லாமல் கவிழ்த்துவிடும். அடுத்தது அலை. ஆழமில்லாத தண்ணீரில் காற்று எழும்பினால் அலை கிட்டக்கிட்டக் குத்தலாக வரும். கூரான அடி அதை வெட்டிக்கொண்டு போகும். தட்டையடி ஒவ்வொன்றிலும் அறையும், தண்ணீர் முகத்தில் அடிக்கும். அடியில் நீளத்துக்கு ஓடுகிற ஏராக் கட்டையும் இல்லாததால் பக்கவாட்டில் இழுபட்டுப் போகும். நீ போட் இறக்குகிற போர்ட் பெரி ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. உங்கள் பக்கம் அதிகம் அடிப்பது மேற்குக் காற்று. போகிறபோது சுகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பி வருகிறபோதுதான் எதிர்க்காற்று. எங்களுக்குச் சோளகக் காற்றுப் படிப்பித்தது இதைத்தான்: போகிறது சுகமாக இருந்தால் வருகிறதை யோசி. பின்னேரம் காற்று ஏறமுதல் கரைக்கு வா.

இனி மற்ற இரண்டு தட்டையடி அலுமினியப் போட்டும். ஒன்றில் 1236 என்றும் மற்றதில் 1448 என்றும் எழுதியிருக்கிறது பார். அது வெறும் மொடல் நம்பர் இல்லை. முதல் இரண்டு இலக்கம் நீளம், அடிக்கணக்கு. பின் இரண்டும் அடித்தட்டின் அகலம், அங்குலத்தில். கடைக்காரன் நீளத்தைத்தான் சொல்லிச் சொல்லி விற்பான். நின்றுகொண்டு வீசப்போகிற உனக்கு வேண்டியது அகலம். 36 அங்குலத்தில் ஒரு ஆள் இருந்து தூண்டில் போடலாம். நின்று, இடுப்பைத் திருப்பி, கையை முன்னும் பின்னும் ஓங்கி வீச 48 வேணும். அதிலும் பேரன் எழும்பி ஓடித் திரிவான்.

ஃபிளை ஃபிஷிங் என்றால் என்னவென்று நீ போன வருசம் விளங்கப்படுத்தினாயே: இறகு கட்டின கொக்கிக்குப் பாரம் இல்லை, நூலின் பாரத்தில்தான் அது பறக்கிறது, கையால் இழுத்து விடுகிற நூல் காலடியில் கிடக்கும் என்று. அதைக் கேட்டவுடன் எனக்கு உன் சித்தப்பா வீச்சுவலை எறிகிறதுதான் நினைவுக்கு வந்தது. அணியத்தில் ஏறினால் முதலில் சட்டையைக் கழற்றி எறிவார். பொத்தானில் ஒரு வலைக்கண் மாட்டினால் போதும், எறிந்த வலையோடு ஆளும் தண்ணீருக்குள் போக வேண்டியதுதான். காலடியில் கயிறு, கிண்ணம், செருப்பு ஒன்றும் விடமாட்டார். உன் போட்டையும் அந்தக் கண்ணோடு பார். நீ நிற்கிற இடத்தில் தலை நீட்டின ஆணி, கயிறு கட்டுகிற கொம்பு, திறப்புப் பிடி, பெடல் ஏதாவது இருந்தால் நூல் தேடிப்போய் அதில்தான் சுற்றும். ஒன்றில் கழற்று, இல்லையென்றால் ஒரு ஈரத்துணியைப் போட்டு மூடு. அலுமினியத்தில் சப்பாத்துக் கால் பட்டால் அந்தச் சத்தம் தண்ணீருக்குள் தூரத்துக்குக் கேட்கும். அடியில் றப்பர் விரிப்பு ஒன்று போடு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வீச வேணும், மற்றவர் துடுப்பில். 14 அடிக்குள் இரண்டு பேர் வீசினால் மீனுக்கு முதல் மருமகனின் காதுதான் மாட்டும்.

மருமகன் நடு இருக்கையை வெட்டி எடுத்துவிட்டு உயரமாக ஒரு மேடை அடிக்கலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவரிடம் நான் சொன்னதாகச் சொல், வேண்டாம். அந்த அலுமினியப் போட்டுகளில் இருக்கைக்குள்தான் நுரை அடைத்திருப்பார்கள். தண்ணீர் நிரம்பினாலும் போட் தாழாமல் நிற்பது அதனால்தான். இருக்கை இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிற வேலையையும் பார்க்கிறது. அதை வெட்டி, மேலே மேடை போட்டு, அதன் மேல் ஆளும் ஏறி நின்றால் பாரமெல்லாம் உயரத்துக்குப் போய்விடும். உயரம் வேணுமென்றால் அடித்தட்டில் நாலு அங்குலம் போதும்.

போட்டின் உள்ளே எத்தனை பேர், எவ்வளவு பாரம், எத்தனை குதிரை வலு என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். போரில் ஆனையிறவும் பூநகரிப் பாதையும் அடைபட்ட காலத்தில் நாங்கள் கிளாலிக் கடலால் கடந்தது உனக்கு நினைவிராது, அம்மாவின் மடியில் நித்திரை. ஒரு எஞ்சின் போட்டுக்குப் பின்னால் கயிற்றில் தொடுத்த போட்டுகள், இருட்டு, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி. நான் முழு வழியும் அந்த நாலு விரலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எங்களுக்கு வேறு வழியில்லை. உனக்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை. தகட்டில் மூன்று பேர் என்றால் மூன்று பேர். பற்றரியையும் பாரத்தில் சேர், ஒன்றே 25 கிலோ வரும். அதைப் பின்னால் மோட்டருக்குப் பக்கத்தில் வைக்காதே, நீயும் பின்னால் இருந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும். நடுவில் வைத்து நீள வயர் இழு.

நங்கூரத்தை எப்போதும் அணியத்தில் கட்டு. பின்பலகை தாழ்வு, அங்கே கட்டினால் அலை ஏறிக் குதிக்க இடம் கொடுத்த மாதிரி.

பழைய போட் வாங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை, பார்த்து வாங்கு. காரைநகர் சீநோர் போட் தொழிற்சாலையில் நான் வேலை பழகின காலத்தில் எங்கட மேற்பார்வையாளர் புதுப் போட்டையே நம்பமாட்டார். குருநகரில் பிறந்து 1956இல் நோர்வேக்குப் போன அந்தோனி ராஜேந்திரம் தொடக்கிவைத்த இடமல்லவா, வேலையில் கண்டிப்பு அப்படி. பைபர் போட்டில் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் ‘டிக்’ என்று கூராகச் சொல்லும். ரெசின் பசை பிடிக்காமல் பைபர் விரிப்பு விட்டுக்கொடுத்த இடம் ‘டொப்’ என்று மந்தமாகச் சொல்லும். அலுமினியத்துக்கு வேறு சோதனை. ட்ரெயிலரில் இருக்கிறபோதே உள்ளே இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் விடச் சொல்லு, கீழே குனிந்து, தகடுகளைப் பொருத்தியிருக்கிற றிவெற் ஆணி வரிசையைப் பார். கசிகிற றிவெற் தானே சொட்டும். ஒன்றிரண்டு என்றால் இறுக்கலாம், வரிசையாகச் சொட்டினால் விடு. பின்பலகையில் மோட்டர் பூட்டுகிற இடத்தைப் பிடித்துப் பாரம் கொடுத்து ஆட்டிப் பார். உள்ளே பலகை உக்கியிருந்தால் வளைந்துகொடுக்கும். பூச்சுப் புதிதாக இருந்தால் இன்னும் கவனமாகப் பார்.

என் எண்ணம் 1448தான். அதற்கு ட்ரெயிலர் வேணும், செலவு கூட, தெரியும். 1236ஐ இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று நீ சொல்லுகிறாய். மருமகனுக்கு ஏற்கெனவே நாரி நோ, ஒவ்வொரு சனியும் அவர் தூக்குவாரா? நீ தனியப் போகிற ஆளென்றால் 1236 வாங்கென்று சொல்லியிருப்பேன்.

சின்ன மின்மோட்டர் பூட்டினாலும் போட் ஓட்டுநர் அட்டை வேணும் என்று கனடாச் சட்டம் சொல்லுகிறது, முதலில் அந்தப் பரீட்சையை எடு. உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று வைத்திருப்பது சட்டம். அதை இருக்கைக்குக் கீழே வைக்காமல் போட்டுக்கொள்வது அப்பாவின் சட்டம். இங்கே விழுந்தால் எழும்பி நடந்து வரலாம். உங்கள் ஏரியில் மே மாதத் தண்ணீர் கையையும் காலையும் விறைக்க வைத்துவிடும், நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

காசு கொடுக்கமுதல் 1448இன் பின்பலகையை உள்ளாலும் வெளியாலும் எடுத்து அனுப்பு. அடித்தட்டின் அகலத்தை நீயே அளவுநாடா பிடித்து அள, மேல் விளிம்பை அளந்துபோட்டு 48 என்று சொல்லுவான். நேரம் பார்க்காமல் அனுப்பு, உனக்கு இரவென்றால் இங்கே பகல்தானே.

அன்புடன்,
அப்பா
குருநகர்