வலியைக் கேட்கப் போகிற மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே ஹட்டன் பக்கம் விடாத மழை. அம்மாவுக்கு முழங்கால் கடுப்பு, மற்றபடி சுகம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று ஓடிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக நீ எழுதப்போகும் ஓ.ஈ.டி. என்ற இங்கிலீஷ் பரீட்சைக்குத் தயார் செய்த கேள்விகளை வாசித்துக் காட்டினாயே, இங்கிலீஷில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூச்சுவிடாமல் கேட்கிறாய் புள்ள. "வேர் இஸ் த பெயின், இஸ் இட் ஷார்ப், டஸ் இட் கோ டவுன் யுவர் ஆர்ம்?" என்று கோத்துக் கேட்டால் நோயாளி கடைசிக் கேள்விக்குத்தான் தலையாட்டுவார். மற்ற இரண்டும் காற்றோடு போகும். பேச்சுப் பரீட்சையில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், அந்த நடிப்பு ஒன்றுக்கு ஐந்து நிமிடம்தான், அதற்குள் எல்லாவற்றையும் கேட்க வேண்டுமே என்கிறாய். கோத்துக் கேட்டாலும், பதிலை நாமே ஊட்டிவிட்டாலும் அந்தப் பரீட்சையிலேயே புள்ளி குறையுமாம். "கேன் யூ டெல் மீ அபவுட் த பெயின்?" என்று ஒன்றே ஒன்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடு. இடம், தொடங்கிய நேரம், எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது எல்லாவற்றையும் பாதிப் பேர் அவர்களாகவே சொல்லிவிடுவார்கள். விடுபட்டதை மட்டும் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்துக்காரையா பக்கத்தில் நின்றவன் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். நம்ம சனம் துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் "ஆமாங்கையா" சொல்லிப் பழகியது. வெள்ளைக் கோட்டைக் கண்டாலும் அதே "ஆமாங்கையா"தான். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் டொக்டர் சிங்களத்தில் நீளமாகக் கேட்பார், நடுவில் நிற்கிறவர் அதைத் தமிழில் "வலிக்குதா?" என்று ஒரு சொல்லில் முடிப்பார். ஆமாங்கையா. மருந்துத் துண்டு எழுதியாச்சு. நோய் என்னவோ உள்ளேயே இருக்கும்.

இன்னொன்று. மாரடைப்பு வந்தவரிடம் "நெஞ்சு வலிக்குதா?" என்றால் "இல்லை" என்று சொல்லக்கூடும். பொய் இல்லை. அவருக்கு அது பாரம், இறுக்கம், "வாயு புடிச்சிருக்கு". பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நெஞ்சில் ஒன்றுமே தெரியாமல் மூச்சுத் திணறலும் குமட்டலுமாக வருவதும் உண்டு. இது எந்த ஊர் உடம்புக்கும் பொதுதான். அதனால் வலி இல்லை என்றவரை அப்படியே விடாதே. "எனி டைட்னஸ்?" என்று கேட்டுவிட்டு நில். "எனி ப்ரெஷர்?" என்பதைத் தனியாகக் கேள்.

பூச்சியத்திலிருந்து பத்து வரை நம்பர் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. மாத்திரை கொடுக்குமுன் ஏழு, ஒரு மணிநேரம் கழித்து நாலு என்றால் குறைந்தது தெரியும். அதே ஆளிடம் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்த நம்பர். நாள் முழுக்க தலையில் கயிறு போட்டு கொழுந்துக் கூடை சுமந்தவள் கழுத்து தெறித்தாலும் "மூணு" என்பாள். இங்கிலாந்துக் கிழவர்களும் "நொட் டூ பேட்" என்று சிரித்துச் சமாளிப்பார்களாம், உன் கூட்டாளிதான் சொன்னாளே. நம்பரோடு நிறுத்தாமல் ராத்திரி தூக்கம் வருகிறதா, படி ஏற முடிகிறதா என்று கேள். "டஸ் இட் வேக் யூ அப் அட் நைட்?" என்பது எவ்வளவு சின்னக் கேள்வி, அதற்கு யாரும் மழுப்ப மாட்டார்கள்.

வலிக்கான இங்கிலீஷ் சொற்களை ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறாய். 1975இல் கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்பவர் 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து ஒரு வினாத்தாளே செய்தார். அதில் சொல்லைத் தெரிவு செய்கிறவர் நோயாளி. அவர் வாயிலிருந்து வரும்போது விளங்கினால் உனக்குப் போதும், நீ எடுத்துக் கொடுக்காதே. அவர் "பர்னிங்" என்றால் நீயும் அடுத்த கேள்வியில் "பர்னிங்" என்றே சொல். "பெயின்" என்று மாற்றாதே.

பரீட்சையில் பேச்சுக்கு பீ கிரேட் எடுத்தே ஆக வேண்டும், எழுத்துக்கு மட்டும்தான் சீ பிளஸ் போதும் என்றாய். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு போன் எடு. நான்தான் நோயாளி, வயிற்றுவலி. என் இங்கிலீஷ் டிஸ்பென்சரி இங்கிலீஷ்தான், நடுவில் இழுத்து இழுத்துப் பேசுவேன். குறுக்கே புகுந்து ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாயோ, போனை வைத்துவிடுவேன். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைக்கிறேன், நோயாளியின் சம்சாரம் என்று ஒருத்தி நடுவில் பேச வேண்டாமா?

அன்புடன்,
அப்பா